செவிவழி வாசிப்பும் தமிழ் எழுத்தும்: திரைவாசிப்பானால் இணையம் பயில்தலில் எழும் மொழிச்சிக்கல்கள்

0. முன்னுரை

எழுத்து கண்ணுக்கு உரியது, பேச்சு செவிக்கு உரியது என்னும் பகுப்பு மொழியியலில் பழமையானது. கணினித்திரையில் தோன்றும் எழுத்தைப் பேச்சாக மாற்றித் தரும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் இப்பகுப்பை நெகிழச் செய்துள்ளது. பார்வையற்றோர் இதன் துணைகொண்டு செய்தித்தாள்களைப் பிறர் உதவியின்றிப் படிக்கின்றனர், தேர்வுக்கு விண்ணப்பிக்கின்றனர், வங்கிக்கணக்கைத் தாமே கையாள்கின்றனர்.

இத்திறனைக் கற்பதில் எழும் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் தொழில்நுட்பம் சார்ந்தவையாகவே கருதப்பெறுகின்றன. தமிழைப் பொறுத்தவரை அவற்றுட் பல மொழி சார்ந்தவை. கண்ணால் படிப்பவர், எழுத்தில் வெளிப்படாதவற்றைத் தம் மொழியறிவால் நிரப்பிக்கொள்கின்றார். பிழையாக இருப்பவற்றைத் தம்மை அறியாமலே திருத்திக்கொள்கின்றார். பொறி தனக்குத் தரப்பட்டதையே ஒலிக்கின்றது. ஆகவே எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் விட்ட குறை ஒவ்வொன்றும் செவிவழி வாசகரைப் பிழையாகவோ மௌனமாகவோ சென்றடைகின்றது. இவ்வுண்மையை, பல மொழிகள் ஒரே திரையில் கலந்து வழங்கும் பெங்களூர் நகரச் சூழலை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

1. திரைவாசிப்பானின் தோற்றமும் அமைப்பும்

தொடக்ககாலத் திரைவாசிப்பான்கள் எழுத்துகள் மட்டுமே தோன்றிய டாஸ் இயங்குதளத்திற்காக உருவாயின. அவற்றுள் குறிப்பிடத்தக்கது ஜாஸ் என்பதாகும். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978இல் விபத்தில் பார்வையிழந்த அமெரிக்கரான டெட் ஹென்டர் நிறுவிய நிறுவனம் இதனை 1989இல் வெளியிட்டது. விண்டோஸ் தளத்திற்குரிய பதிப்பு 1995இல் வந்தது. இதன் விலை இந்தியப் பயனர் பலருக்கு எட்டாததாக இருந்தது.

2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். இம்மென்பொருள் கட்டணமின்றிக் கிடைப்பதும், அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பதும், உலகெங்கும் உள்ள தன்னார்வலர் அதனைத் தம் மொழிக்குப் பெயர்க்க இயல்வதும் இந்திய மொழிகளுக்குப் பெரும்பயன் தந்தன. 2009இல் ஐபோனில் வாய்ஸ்ஓவரும், அக்காலத்திலேயே ஆண்ட்ராய்டு கருவிகளில் டாக்பேக்கும் அமைந்தபின் செவிவழி வாசிப்பு கைப்பேசிக்கும் பரவியது.

திரைவாசிப்பானில் இருவேறு உறுப்புகள் உள்ளமை நோக்கத்தக்கது. ஒன்று, திரையில் உள்ளது யாது, அது தலைப்பா, இணைப்பா, பொத்தானா என்று அறியும் பகுதி. மற்றொன்று, அறிந்ததை ஒலிக்கும் பேச்சுப்பொறி. என்.வி.டி.ஏ.வுடன் வழங்கும் ஈஸ்பீக் என்னும் பேச்சுப்பொறி, ஜோனத்தன் டடிங்டன் 1995இல் ஏகார்ன் கணினிக்கென எழுதிய நிரலினின்று வளர்ந்ததாகும். பெரும்பாலும் ஒலியின் அதிர்வெண் கூறுகளைக் கணக்கிட்டுப் பேச்சை ஆக்குவது அதன் முறை. ஒலிநயம் குறைவாயினும் விசையை அழுத்திய கணமே பேசத் தொடங்குவதாலும், மிகு விரைவிலும் தெளிவு குன்றாமையாலும் பழகிய பயனர் பலர் அதனையே விரும்புகின்றனர். அது பேசும் மொழிகளுள் தமிழும் ஒன்று.

இக்கருவியின் பெயர் குறித்தும் ஒரு சொல் கூறலாம். திரைவாசிப்பான், திரைபடிப்பான் என்பன ஆங்கிலப் பெயரின் பொருளைத் தழுவியவை. திரைநவிலி என்னும் ஆக்கமும் வழக்கில் உள்ளது. நவிலுதல் சொல்லுதல் ஆகும். கருவி சொல்கின்றது, வாசிப்பவர் கேட்கும் மனிதரே என்னும் வேறுபாட்டை இச்சொல் காட்டுகின்றது. பரவலான வழக்குக் கருதி இக்கட்டுரை திரைவாசிப்பான் என்பதையே கையாள்கின்றது.

2. இணையப் பக்கத்தைச் செவியால் பயிலும் முறை

கண் ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் அளந்து, வேண்டிய இடத்தில் நிலைகொள்கின்றது. செவிக்கு அவ்வசதி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகவே சொற்கள் வந்துசேரும். எனவே புதிதாகப் பயில்பவர் முதலிற் செய்வது, பக்கத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை முழுவதும் கேட்பதாகும். செய்தித்தாள் ஒன்றின் முகப்பில் செய்திக்கு முன்பு ஐம்பது இணைப்புகள் இருப்பின், அவ்வைம்பதையும் கேட்டபின்பே செய்தி வரும். பலர் இந்நிலையிலேயே சோர்வடைகின்றனர்.

இதனைக் கடக்கும் வழி, பக்கத்தின் எலும்புக்கூட்டை அறிவதாகும். என்.வி.டி.ஏ.வில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பிற்கும், கே விசையால் அடுத்த இணைப்பிற்கும், டி விசையால் அட்டவணைக்கும், பி விசையால் பொத்தானுக்கும் தாவலாம். இன்செர்ட் விசையுடன் எஃப்7 விசையை அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகளும் தலைப்புகளும் பட்டியலாகக் கிடைக்கும். விசைகள் சிலவே, அவற்றை மனனம் செய்தல் எளிது. பக்கத்தின் உருவத்தை மனத்தில் வரைந்துகொள்ளும் பழக்கமே காலம் வேண்டுவது.

இரண்டாவது இடர், ஒரே விசை இருவேறு பணிகளைச் செய்வது. உலவும் நிலையில் எச் விசை தலைப்பிற்குத் தாவும். படிவத்தில் எழுதும் நிலையில் அவ்விசை எழுத்தாகப் பதியும். நிலை மாறியதைக் கருவி ஒரு சிறு ஒலியால் உணர்த்துகின்றது. அவ்வொலியைக் கவனியாதவர் பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் எதுவும் பதியாமல் திகைப்பர்.

இங்கு எழுதுவோரின் பொறுப்பு தொடங்குகின்றது. தடித்த பெரிய எழுத்தால் மட்டும் அமைத்த தலைப்பு கண்ணுக்குத் தலைப்பு. கருவிக்கு அது வெறும் வரி. அதனைத் தலைப்பென நிரலிற் குறித்தாலன்றி எச் விசை அங்குச் செல்லாது. ஒரு பக்கத்தில் ‘மேலும் படிக்க’ என்னும் இணைப்பு இருபது முறை வருமாயின், இணைப்புப் பட்டியலில் அத்தொடரே இருபது முறை ஒலிக்கும். எதனை மேலும் படிப்பது என்பது கண்ணுக்கு அருகிலுள்ள படத்தால் விளங்கும், செவிக்கு விளங்காது. இவற்றையெல்லாம் நெறிப்படுத்தும் உலகளாவிய அணுகல் வழிகாட்டு நெறிகளின் முதற்பதிப்பு 1999இலும் இரண்டாம் பதிப்பு 2008இலும் வெளிவந்தன.

3. பெங்களூரின் பன்மொழித் திரை

பெங்களூரில் மித்ர ஜோதி, எனேபிள் இந்தியா, சமர்த்தனம் முதலிய அமைப்புகள் பார்வையற்றோரின் கல்விக்கும் கணினிப் பயிற்சிக்கும் வேலைவாய்ப்பிற்கும் பணியாற்றி வருகின்றன. அல்சூர், சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் தமிழர் பல தலைமுறைகளாக வாழும் இந்நகரில், பயில்பவர் ஒருவர் வீட்டில் தமிழும், தெருவிலும் அரசு அலுவலகத்திலும் கன்னடமும், பணியிடத்தில் ஆங்கிலமும் வழங்குதல் இயல்பு. அவருடைய திரையிலும் இம்மூன்றும் அடுத்தடுத்து வரும். காலையில் மின்கட்டணம் செலுத்தும் பக்கம் கன்னடமாகவும், பணிக்கடிதம் ஆங்கிலமாகவும், மாலையில் படிக்கும் செய்தி தமிழாகவும் அமையலாம்.

மனிதர் எழுத்தைக் கண்டதும் மொழியை அறிவர். பேச்சுப்பொறிக்கு மொழியை அறிவித்தல் வேண்டும். இணையப் பக்கத்தின் நிரலில் மொழியைக் குறிக்கும் பண்பு ஒன்று உண்டு. தமிழுக்கு டி-ஏ எனவும் கன்னடத்திற்குக் கே-என் எனவும் ஈரெழுத்துக் குறியீடுகள் அமைந்துள்ளன. இக்குறியீடு சரியாக இருந்தால் பேச்சுப்பொறி தானே குரலை மாற்றிக்கொள்ளும். ஆங்கிலப் பக்கம் ஒன்றைத் தமிழாக்கும்போது சொற்கள் அனைத்தையும் பெயர்த்துவிட்டு இக்குறியீட்டை மட்டும் ஆங்கிலமாகவே விட்டுவிடும் வழக்கம் மிகுதி. அந்நிலையில் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளை எதிர்கொள்கின்றது. பொறிக்கேற்ப அது அவற்றைத் தாண்டிச் செல்லும். அல்லது ஒவ்வொன்றின் குறியெண்ணையும் கூறும். பார்வையுடைய மொழிபெயர்ப்பாளர் முழுமையாகத் தமிழில் அமைந்ததாகக் காணும் பக்கம் செவிக்கு வெறுமையாகின்றது.

சில கருவிகள் எழுத்துவடிவைக் கொண்டே மொழியை ஊகிக்கின்றன. தமிழ் எழுத்து ஏறக்குறையத் தமிழ்மொழிக்கே உரியதாதலின் இவ்வூகம் தமிழுக்குப் பொருந்துகின்றது. ஆயின் உரோமன் எழுத்தில் தட்டச்சு செய்த தமிழை எக்கருவியும் ஆங்கிலமாகவே கொண்டு சிதைத்து ஒலிக்கும். நண்பர் அனுப்பும் குறுஞ்செய்தியில் ‘வணக்கம்’ என்பது உரோமன் எழுத்தில் வந்தால் அது அயல்நாட்டவர் நாவில் பட்டது போல் ஒலிப்பதைப் பயனர் அன்றாடம் கேட்கின்றனர்.

தமிழ்ப் பேச்சுப்பொறி ஆய்வில் பெங்களூருக்கும் இடமுண்டு. இந்திய அறிவியற் கழகத்தில் பேராசிரியர் ஆ. க. இராமகிருஷ்ணனும் அவர்தம் மாணவரும் ‘திருக்குறள்’ என்னும் பெயரில் தமிழ் எழுத்து–பேச்சு மாற்றி ஒன்றை உருவாக்கி, 2001இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் அதனை விளக்கினர். பதிவுசெய்த ஒலித்துணுக்குகளை இணைத்துப் பேச்சை ஆக்கும் முறை அது. பின்னர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையில் பல நிறுவனங்கள் கூடி இந்திய மொழிகள் பலவற்றிற்குப் பேச்சு மாற்றிகளை உருவாக்கின. பெங்களூரில் 2008இல் தொடங்கப்பெற்ற சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி என்னும் அமைப்பு ஈஸ்பீக்கின் இந்திய மொழி ஒலிப்பை மேம்படுத்தும் பணியை மேற்கொண்டது. விண்டோஸ் 10 தளத்தில் ‘வள்ளுவர்’ என்னும் பெயருடைய தமிழ்க் குரலும் இடம்பெற்றது. குரல்கள் பெருகின, எனினும் அவற்றிடம் தரப்படும் எழுத்தின் நிலை ஈண்டுத் தனியே ஆராயத்தக்கது.

4. கண்ணுக்குப் புலப்படாத குறியேற்றப் பிழைகள்

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றது. எனினும் இணையத்தில் அது நிலைபெறப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்னர் ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் அவை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமேயாகும். கண் காண்பது தமிழ். திரைவாசிப்பான் ஒலிப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை. தமிழ்நாட்டரசு 1999இல் டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும், 2010இல் ஒருங்குறியையும் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் உள்ள ஆவணங்களும், படமாக வருடப்பெற்ற கோப்புகளும் இன்றும் செவிக்கு எட்டாதனவாகவே உள்ளன.

ஒருங்குறியிலும் கண்ணை ஏமாற்றும் இணைகள் உண்டு. ‘ஔவையார்’ என்பதில் முதலெழுத்து ஓர் உயிரெழுத்து. தட்டச்சு செய்வோர் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவையார்’ என எழுதுகின்றனர். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். திரைவாசிப்பானோ ‘ஒள’ என்று ஈரெழுத்தாக ஒலித்துப் புலவரின் பெயரை மாற்றிவிடும். தமிழ் எண்ணாகிய ௭, எகரத்தைப் போன்றது. ௧ ககரத்தைப் போன்றது. இவை இடம்மாறித் தட்டச்சாயின் சொல்லின் நடுவே ‘ஏழு’ என்றோ ‘ஒன்று’ என்றோ கேட்கும். தேடுபொறிக்கும் அகராதிக்கும் இப்பிழைகள் தடையாவன. பார்வையுடைய மெய்ப்புத் திருத்துநர் காணாத இவற்றைச் செவிவழி வாசகர் முதற்கேட்பிலேயே அறிந்துவிடுகின்றார் என்பது கருதத்தக்கது.

5. எழுத்தும் ஒலியும்

தமிழில் வல்லின எழுத்து ஒன்று, சூழலுக்கேற்பப் பல ஒலிகளைக் குறிக்கின்றது. ‘பக்கம்’ என்பதில் ககரம் ஒலிப்பிலா ஒலி. ‘பங்கு’ என்பதில் ஒலிப்புடையது. ‘பகல்’ என்பதில் உரசும் தன்மையது. இம்மாற்றங்கள் விதிக்கு உட்பட்டவையாதலின் பேச்சுப்பொறிக்கு எளியவை. இவ்வகையில் ஆங்கிலத்தைவிடத் தமிழைப் பொறிக்குக் கற்பித்தல் இலகு எனலாம்.

சிக்கல் கடன்சொற்களில் எழுகின்றது. ‘பாட்டு’, ‘பாட்டரி’ ஆகிய இரண்டும் எழுத்தில் ஒத்துத் தொடங்கினும் முதலொலி வேறு. ‘கடல்’, ‘கவனம்’ என்பவற்றிலும் அவ்வாறே. பொறி விதியைப் பின்பற்றி, சொல்முதலில் வரும் வல்லினத்தை ஒலிப்பிலா ஒலியாகவே கூறும். இதற்குச் சிறந்த சான்று பெங்களூர் என்னும் ஊர்ப்பெயரே. கன்னட எழுத்தில் ஒலிப்புடைய முதலொலிக்குத் தனியெழுத்து உண்டு. தமிழ் எழுத்தில் பகரமே உண்டு. கன்னடப் பக்கத்தினின்று தமிழ்ப் பக்கத்திற்கு வரும் செவிவழி வாசகர், தம் ஊரின் பெயரை இருவேறு வகையாகக் கேட்கின்றார். விதிவிலக்கு அகராதியில் அப்பெயரைச் சேர்த்தாலன்றி இது தீராது.

அகராதியும் போதாத இடங்கள் உள. ‘பாவம்’ என்பது தீவினையாயின் முதலொலி ஒலிப்பிலாதது. மெய்ப்பாட்டைக் குறிக்கும் ‘பாவம்’ ஆயின் ஒலிப்புடையது. ‘பலம்’ என்பது வலிமையாகவும் பழைய நிறுத்தலளவையாகவும் இருவகையாக ஒலிக்கும். தொடரின் பொருளை அறிந்தே ஒலியைத் தெரிதல் வேண்டும். மிகுதியான பேச்சுப்பதிவுகளைக் கொண்டு பயிற்றப்பெறும் அண்மைக்காலக் குரல்கள் சூழலை ஓரளவு கருத்திற் கொள்கின்றன. உடனடி மறுமொழியும் விரைவும் வேண்டும் உலவலுக்கு, விதியும் அகராதியும் கொண்ட சிறு பொறிகளே இன்றும் பலரால் பயன்படுத்தப்பெறுகின்றன. அவற்றிற்கு வேண்டிய விதிவிலக்குச் சொற்பட்டியலைத் தொகுப்பது மொழியியலார் செய்யத்தக்க பணியாகும்.

எண்களும் சுருக்கங்களும் இத்தகையனவே. ‘5இல்’ என்பதைக் கண்ணால் படிப்பவர் ‘ஐந்தில்’ என்று புணர்த்துக்கொள்வார். பொறி ‘ஐந்து இல்’ எனப் பிரித்துக் கூறலாம். ‘ரூ. 500’ என எழுதியதை மனிதர் ‘ஐந்நூறு ரூபாய்’ என்று வரிசை மாற்றிப் படிப்பர். பொறிக்கு இவ்வரிசை மாற்றமும் விதியாகக் கற்பிக்கப்பட வேண்டியதாகும். தொலைபேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகவும், தொகையை இலட்சம், கோடி எனவும் கூறவேண்டுதலும் அவ்வகையினதே.

மேற்கோள் தொடர்களும் ஈண்டுக் கருதத்தக்கன. தமிழில் ‘என்று’ என்னும் சொல் மேற்கோளின் இறுதியிலேயே வருகின்றது. மேற்கோள் குறியை ஒலிக்காதவாறு அமைத்துக்கொண்ட செவிவழி வாசகர், நீண்ட கூற்றொன்றை எழுத்தாளர் கருத்தாகவே கேட்டுவந்து, ‘என்று அமைச்சர் கூறினார்’ என்னும் இடத்தில்தான் அதன் உரிமையாளரை அறிகின்றார். கூறுவோரை முன்வைத்து எழுதுதல் இவ்விடத்தில் தெளிவு தரும்.

6. கருவியின் சொற்களை மொழிபெயர்த்தல்

திரைவாசிப்பான் பக்கத்தின் உரையை மட்டும் ஒலிப்பதில்லை. ‘இணைப்பு’, ‘தலைப்பு, மட்டம் 2’, ‘பொத்தான்’ எனத் தன் சொற்களையும் இடையிடையே கூறுகின்றது. என்.வி.டி.ஏ.வின் இச்சொற்கள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பெற்றுள்ளன. பயனர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை கேட்கும் சொற்கள் இவை. ஆதலின் நூல் மொழிபெயர்ப்பில் வேண்டப்படாத சில அளவுகோல்கள் இங்கு வேண்டப்படுகின்றன.

முதலாவது, வேறுபடுத்தும் கூறு சொல்லின் முன்னே நிற்றல். தேர்வுப்பெட்டி ஒன்றின் நிலையைத் ‘தெரிவுசெய்யப்பட்டது’, ‘தெரிவுசெய்யப்படவில்லை’ எனக் கூறினால் இலக்கணப் பிழை இல்லை. ஆயின் இரண்டும் நெடுந்தொலைவு ஒன்றாகவே ஒலித்து, ஈற்றிலேயே வேறுபடுகின்றன. தமிழில் எதிர்மறை வினையின் இறுதியில் அமைவதன் விளைவு இது. பழகிய பயனர் முதல் அசையைக் கேட்டதும் அடுத்ததற்குத் தாவுவர். ஈறுவரை காத்திருக்க வேண்டுவது அவர்தம் விரைவைக் குறைக்கும். ‘தெரிவானது’, ‘தெரியாதது’ எனச் சுருக்கின் பின்னது அறியப்படாதது எனவும் பொருள்படும். ‘உண்டு’, ‘இல்லை’ என்பன போன்ற, முதலொலியிலேயே வேறுபடும் இணைகள் செவிக்கு ஏற்றவை.

இரண்டாவது, வேற்றுமையுருபு. மென்பொருளின் தொடர்களில் மாறும் பெயருக்கென ஓர் இடம் விடப்படும். இயங்கும்போது அவ்விடத்தில் கோப்பின் பெயரோ கோப்புறையின் பெயரோ வந்து அமரும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன் இடைச்சொல்லை இட்டால் போதும். தமிழில் அவ்விடத்தை அடுத்து ‘இல்’ என்னும் உருபை ஒட்டினால், ‘வீடு’ வரும்போது ‘வீட்டில்’ என்றும், ‘பாடம்’ வரும்போது ‘பாடத்தில்’ என்றும் ஆகவேண்டும். மென்பொருள் ‘வீடுஇல்’, ‘பாடம்இல்’ என்றே கூறும். பெயரைத் தனித்து நிறுத்தி, ‘வீடு என்னும் கோப்புறையில்’ என உருபைப் பொதுப்பெயரோடு சேர்ப்பது இதற்குத் தீர்வாகும். சொல் கூடினும் பிழை நீங்கும்.

மூன்றாவது, வரிசை. ‘பத்தில் மூன்றாவது’ என்னும் பொருளை ஆங்கிலம் மூன்றை முன்வைத்துக் கூறும். தமிழ் பத்தை முன்வைக்கும். இரு எண்களின் இடங்களையும் மாற்றிக்கொள்ள மென்பொருள் இடந்தருகின்றதா என மொழிபெயர்ப்பாளர் அறிதல் வேண்டும். அன்றேல் பத்தாவது உருப்படியில் நிற்பதாகப் பயனர் மயங்குவர்.

நான்காவது, மறைந்துள்ள சொற்கள். படத்திற்குரிய மாற்றுவிளக்கம், பொத்தானுக்குரிய பெயர் ஆகியவை நிரலினுள் இருந்து, திரையில் தோன்றாமல் திரைவாசிப்பானுக்கு மட்டும் புலப்படுவன. திரையிற் காண்பதை மட்டும் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் இவற்றை விட்டுவிடுகின்றார். உருப்பெருக்கிக் கண்ணாடியின் படம் கொண்ட பொத்தானைக் கண்டு பார்வையுடையவர் தேடலெனக் கொள்வர். செவிவழி வாசகர் தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கிலச் சொல்லையோ, ‘பொத்தான்’ என்னும் வெற்றுச் சொல்லையோ கேட்பர். தேடும் வாயில் அவருக்கு மூடப்பட்டதாகின்றது.

7. செவியும் எழுத்துக்கூட்டும்

செவியால் மட்டும் படிப்பதில் ஓர் இழப்பும் உண்டு. ‘கரி’, ‘கறி’ என்பனவும் ‘மனம்’, ‘மணம்’ என்பனவும் விரைவாகக் கேட்கும்போது வேறுபாடு மங்குகின்றன. நகர னகரங்களின் வேறுபாடு இன்றைய ஒலிப்பில் பெரும்பாலோரிடம் இல்லை. இச்சொற்களைக் கண்ணாலோ விரலாலோ காணாது வளர்பவருக்கு, எழுதும்போது எழுத்துத் தெரிவில் ஐயம் எழுதல் இயல்பு. பிழையுடைய கடிதம் அவர்தம் அறிவின் குறையாக மதிக்கப்பெறும் நிலையும் ஏற்படுகின்றது.

இதற்கு முதன்மையான துணை பிரெய்ல். 1951இல் இந்திய மொழிகளுக்கென ஏற்கப்பெற்ற பாரதி பிரெய்ல் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனிப் புள்ளியமைப்பு உண்டாதலின் எழுத்துக்கூட்டு விரல்வழியே நிலைபெறுகின்றது. மற்றொரு துணை, சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டல். அவ்வாறு கேட்கும்போதும் ‘ர’, ‘ற’ எனத் தனியொலியாகக் கூறின் பயனில்லை. எழுத்துக்குப் பெயர் வேண்டும்.

பள்ளி வழக்கில் ‘மூன்றுசுழி’, ‘இரண்டுசுழி’ என்னும் பெயர்கள் உள. அவை வடிவத்தைக் காண்பவர்க்கு உரியவை. தமிழ் மரபில் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்னும் பெயர்களும் வழங்கி வந்துள்ளன. டகரத்தோடு இயையும் ணகரம், தகரத்தோடு இயையும் நகரம், றகரத்தோடு இயையும் னகரம் என, எழுத்தின் வடிவை விடுத்து அதன் துணையொலியைக் கொண்டு அமைந்தவை அவை. ‘இடையின ரகரம்’, ‘வல்லின றகரம்’ என்பனவும் அத்தகையன. வாய்மொழியாகப் பாடம் சொல்லிய மரபின் இப்பெயர்கள் திரைவாசிப்பானுக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. ஆங்கிலத்தின் எழுத்துச் சொற்பட்டியலைப் பின்பற்றிப் புதியன படைப்பதினும், இவற்றைக் கையாளுதல் மொழிக்கும் பயில்வோர்க்கும் நன்று.

8. முடிவுரை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவலை அணுகத்தக்க வடிவில் பெறுவதை உரிமையாக்கியுள்ளது. 2025 ஏப்ரல் 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இணையவழிச் சேவைகளை அணுகுதலை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறாகக் கொண்டது. சட்டம் வாயிலைத் திறக்கின்றது. உள்ளே தமிழ் கேட்குமா என்பதை எழுத்தின் குறியேற்றமும், மொழிக் குறியீடும், பேச்சுப்பொறியின் அகராதியும், மொழிபெயர்ப்பாளர் தெரியும் சொல்லும் முடிவு செய்கின்றன.

தமிழ்ப் பக்கம் திரும்பத் திரும்பச் சிதைந்து ஒலிக்குமானால், பயில்பவர் ஆங்கிலக் குரலோடு நின்றுவிடுகின்றார். வேலைக்கு அது போதும். ஆயின் வீட்டில் பேசும் மொழியில் தாமே படித்தல் என்பது அவர் வாழ்வில் நிகழாமற் போகின்றது. பெங்களூர் போன்ற நகரில் இவ்விழப்பு எளிதில் நேர்வது. எவர் கண்ணிலும் படாமல் நேர்வது. தமிழில் இணையத்திற்கென எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் தம் பக்கத்தை வெளியிடுமுன், திரையை அணைத்துவிட்டு அதனை ஒருமுறை திரைவாசிப்பானால் கேட்டுப்பார்ப்பது நலம். கண் பொறுத்துக்கொண்ட பிழைகளைச் செவி அப்போது காட்டித்தரும்.